மாட்டு டாக்டர் கதைகளை அப்பாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன், நம்ம ஊர் டாக்டர்கள் யாராவது இப்படி எழுதியிருக்கிறார்களா?

ஏரிக்கரை_பாகூர்:

எல்லோருக்கும் வணக்கம். இந்தக் குழுவில் மாடு வைத்திருப்பவர்களும் இருக்கிறீர்கள், புத்தகம் படிப்பவர்களும் இருக்கிறீர்கள், அதனால் இங்கே கேட்பதுதான் சரி என்று தோன்றியது.

அப்பாவுக்குப் போன மாதம் கண்புரை ஆபரேஷன் நடந்தது. எழுபத்து மூன்று வயது, பாகூர்ப் பக்கம் விவசாயம், நாற்பது வருடத்துக்கும் மேலாக மாட்டோடு மாடாக வாழ்ந்தவர். ஒரு காலத்தில் உழவுக்கு ஒரு ஜோடி, கறவைக்கு நாலு என்று கொட்டகை நிறைந்திருக்கும், இப்போது ஒரே ஒரு ஜெர்சிக் கலப்புப் பசு. கொஞ்ச நாளைக்குப் பேப்பர் படிக்கக் கூடாது, குனிந்து சாணி அள்ளக் கூடாது, கொட்டகைத் தூசியில் நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மனிதர் தவித்துப் போய்விட்டார். அந்த நேரத்தில்தான் புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில், பழைய புத்தகக் குவியலில், ஜேம்ஸ் ஹெரியட் எழுதிய ஒரு புத்தகம் கிடைத்தது. இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பக்கத்துப் பண்ணைகளில் மாடு, குதிரை, ஆடு, பன்றி என்று எல்லாவற்றுக்கும் வைத்தியம் பார்த்த டாக்டர். தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நான் இங்கிலீஷில் ஒரு பத்தி படித்துவிட்டு அதைத் தமிழில் அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

முதல் கதையே பிரசவம்தான். நடுராத்திரி, கதவிடுக்கு வழியாகப் பனி உள்ளே அடிக்கிறது, டாக்டர் சட்டை இல்லாமல் கல் பாவிய தரையில் படுத்துக்கொண்டு பசுவின் வயிற்றுக்குள் தோள் வரைக்கும் கையை விட்டிருக்கிறார். கன்றின் தலை பின்பக்கம் மடங்கிக் கிடக்கிறது. நான் அடுத்த வரிக்குப் போவதற்குள் அப்பா, "கீழ்த்தாடையில சுருக்குப் போட்டுத்தான் தலைய நேராக்கணும், வேற வழியில்ல" என்றார். பார்த்தால் அந்த டாக்டரும் அதைத்தான் செய்கிறார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பத்தாம் வகுப்பு தாண்டாத மனிதர், கடல் தாண்டி எங்கேயோ நடந்ததை, நடப்பதற்கு முன்னாலேயே சொல்கிறார். அந்தக் கதையில் பண்ணைக்காரரின் மாமா ஒருவர் கூடவே நின்று அது சரியில்லை இது சரியில்லை என்று சொல்லிக்கொண்டே இருப்பார். "அந்த மாமா எல்லா ஊர்லயும் இருக்காருப்பா" என்றார் அப்பா. ஆபரேஷனுக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தார்.

அப்புறம் ஒரு கிழட்டுப் பசுவின் கதை. மடி தரை வரைக்கும் தொங்கிப் போய்விட்டது, பக்கத்து மாடு காம்பை மிதித்துக் கிழித்துவிடுகிறது, டாக்டர் வந்து தைக்கிறார். இனி வைத்துக் கட்டுப்படியாகாது என்று பண்ணைக்காரர் அதை விற்றுவிடுகிறார். மாடு ஓட்டுபவர் கூட்டத்தோடு சேர்த்து ஓட்டிப் போகிறார். கொஞ்ச நேரத்தில் குளம்புச் சத்தம் கேட்கிறது, பார்த்தால் அது தனியாகத் திரும்பி வந்து தன் பழைய இடத்தில் போய் நிற்கிறது. அந்த மனிதருக்கு மறுபடி அனுப்ப மனசு வரவில்லை, கன்றுகளுக்குப் பால் கொடுக்க இருக்கட்டும் என்று வைத்துக்கொள்கிறார். இதைச் சொல்லி முடித்ததும் அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. எழுந்து கொட்டகைக்குப் போனார், தடுக்க எனக்கு மனம் வரவில்லை. உத்திரத்தில் ஒரு பழைய தலைக்கயிறு தொங்கும், கறுத்து, முடிச்சு மட்டும் பளபளவென்று தேய்ந்து போனது. அதைத் தொட்டுக்கொண்டு நின்றார். அக்கா கல்யாணத்துக்காக 1996இல் விற்ற பசுவினுடையது. மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுக்க மாட்டோம் இல்லையா, அந்தக் கயிறு. அது அங்கே ஏன் தொங்குகிறது என்று இத்தனை வருடத்தில் நான் கேட்டதே இல்லை.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். தமிழில் சொல்லும்போது நிறைய இடத்தில் தடுமாறுகிறேன். மில்க் ஃபீவர் என்பதைப் பால் காய்ச்சல் என்று சொன்னேன், அப்பா உடனே, "கன்னு போட்டதும் மாடு படுத்துக்குமே அதுவா? அதுக்கு ஏது காய்ச்சல், உடம்பு சில்லுனு இல்ல இருக்கும்" என்கிறார். யார் சொல்வது சரி? அப்புறம், பண்ருட்டியிலும் விருத்தாசலத்திலும் நம்ம பாகூரிலும் ராத்திரியெல்லாம் வண்டி ஓட்டிக்கொண்டு போன நம்ம டாக்டர்களின் கதைகளை யாராவது இப்படி எழுதி வைத்திருக்கிறார்களா? அப்பா கேட்கிறார், என்னிடம் பதில் இல்லை.

மஞ்சக்குப்பம்_வாசகி:

படித்துக்கொண்டு வரும்போதே கண் கலங்கிவிட்டது தம்பி. நான் ஹெரியட்டைக் கல்லூரி நாளில் படித்தவள், மாட்டின் வாலைக்கூடப் பிடித்தது கிடையாது, இருந்தும் அந்தப் புத்தகங்கள் இன்னும் தலைமாட்டில் இருக்கின்றன.

அப்பாவுக்குச் சொல்ல ஒரு விஷயம். ஹெரியட் என்பது அவருடைய சொந்தப் பெயர் இல்லை. ஜேம்ஸ் ஆல்ஃபிரட் வைட், 1916இல் பிறந்து கிளாஸ்கோவில் வளர்ந்து, 1939இல் கால்நடை மருத்துவம் முடித்து, அடுத்த வருடம் யார்க்‌ஷயரில் தர்ஸ்க் என்ற சின்ன ஊரில் வேலைக்குச் சேர்ந்தார். கடைசி வரை அங்கேயேதான். கதையில் வரும் டாரோபி என்ற ஊர் கற்பனை. டாக்டர்கள் தங்களை விளம்பரம் செய்துகொள்ளக் கூடாது என்று அங்கே விதி இருந்ததால் சொந்தப் பெயரில் எழுத முடியவில்லை, ஒரு கால்பந்து கோல்கீப்பரின் பெயரை எடுத்துக்கொண்டார். முதல் புத்தகம் 1970இல் வந்தபோது அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. முப்பது வருடம் சாணியிலும் சேற்றிலும் நின்று பார்த்ததை மனசுக்குள் வைத்திருந்து, பிறகு எழுதியிருக்கிறார். வருடங்களை முன்னே பின்னே மாற்றியிருக்கிறார், கதையில் அவர் ஊருக்கு வருவது 1937 என்று இருக்கும். அதனால் நாள்குறிப்பு மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் மாட்டைப் பற்றிச் சொல்வதில் பொய் இல்லை என்பதற்கு உங்கள் அப்பாவின் கீழ்த்தாடைச் சுருக்கே சாட்சி.

தமிழில் என்று கேட்டால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது ஜெயமோகனின் 'யானை டாக்டர்'. முதுமலை, டாப்ஸ்லிப் காடுகளில் யானைகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தியைப் பற்றியது. அவசியம் வாசித்துக் காட்டுங்கள், அதைத் தமிழாக்கும் வேலையும் உங்களுக்கு இல்லை. ஆனால் அது காடு. கொட்டகையையும் கறவை மாட்டையும் ராத்திரி பிரசவத்தையும் ஒரு டாக்டர் தன் வாயால் சொல்லும் புத்தகம் வேண்டும் என்பதுதான் என் ஆசையும்.

வார்த்தைக்குத் தடுமாறினால் அகராதி பார்க்காதீர்கள், அப்பாவைக் கேளுங்கள். கேட்டதை நோட்டில் எழுதியும் வையுங்கள். எழுத்தாளர் கி.ரா. (கி. ராஜநாராயணன்) கரிசல் காட்டுப் பேச்சை அப்படித்தான் சேர்த்து ஒரு வட்டார வழக்கு அகராதியே போட்டார், கடைசிக் காலத்தில் புதுச்சேரியிலேயே இருந்து 2021இல் மறைந்தவர். நம்ம கடலூர், விழுப்புரம் பக்கத்து நடுநாட்டு மாட்டுக்காரர்களின் வார்த்தைகளை யார் சேர்ப்பது? மடி இறங்கியிருக்கு, முக்குது, இளங்கொடி (நஞ்சுக்கொடி) விழல, இப்படி எத்தனையோ வார்த்தைகள் கறவை மாடு வைத்திருக்கும் வீடுகளோடு சேர்ந்து காணாமல் போய்க்கொண்டிருக்கின்றன.

ஓய்வு_மாட்டுடாக்டர்:

தம்பி, உங்கள் அப்பா சொன்னதுதான் சரி. பால் காய்ச்சல் என்பது பெயருக்குத்தான், காய்ச்சல் கிடையாது, உடம்புச் சூடு இறங்கித்தான் போகும். நான் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டுப் பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, நெல்லிக்குப்பம் என்று இந்த மாவட்டத்திலேயே முப்பது வருடம் வேலை பார்த்தவன். நன்றாகக் கறக்கிற மாட்டுக்கு, மூன்றாம் ஈத்து நாலாம் ஈத்துக்கு (பிரசவத்துக்கு) மேல், கன்று போட்ட ஓரிரு நாளில் இது வரும். சீம்பால் சுரக்கத் தொடங்கியதும் ரத்தத்தில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து மடிக்கு இறங்கிவிடுகிறது, எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்ட உடம்புக்கு அவகாசம் போதாது. மாடு உட்கார்ந்துவிடும், கழுத்தை விலாப்பக்கம் மடித்து வைத்துக்கொள்ளும், காது மடலைத் தொட்டால் சில்லென்று இருக்கும், எப்போதும் ஈரமாக இருக்கிற மூக்கு காய்ந்து கிடக்கும். கழுத்து நரம்பில் கால்சியம் பாட்டிலை ஏற்ற வேண்டும். மெதுவாக. ஒரு கையில் பாட்டில், காதில் ஸ்டெதாஸ்கோப். அவசரப்பட்டால் இதயம் நின்றுவிடும், அதனால் வீட்டுக்காரர்கள் எத்தனை தவித்தாலும் நாம் அவசரப்படக் கூடாது. பாட்டில் பாதி இறங்கும்போது தொடைச் சதையில் ஒரு நடுக்கம் வரும், அப்புறம் ஒரு ஏப்பம், கொஞ்ச நேரத்தில் சாணி போடும், பிறகு பின்னங்காலை ஊன்றி எழுந்து நின்று கன்றைத் தேடும். முப்பது வருடத்தில் எத்தனை முறை பார்த்திருப்பேன், ஒரு முறைகூட அது எனக்குப் பழகிப் போகவில்லை.

இந்தக் கால்சியம் வைத்தியம் ஹெரியட் வேலைக்கு வந்த காலத்தில் புதுசு. அதற்கு முன்னால் காம்பு வழியாக மடிக்குள் காற்றடித்துக் கட்டிவிடுவார்கள். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் மடியில் அழுத்தம் ஏறினால் பால் சுரப்பு நிற்கும், சத்து ரத்தத்தில் தங்கும், மாடு பிழைக்கும். காரணம் புரிவதற்கு முன்னாலேயே கை அதைக் கண்டுபிடித்துவிட்டது.

அவர் கதைகளில் ஒரு பணக்கார அம்மாவும் ஒரு சின்ன நாயும் வரும், பாசத்தால் கண்டதையும் ஊட்டி ஊட்டி அந்த நாயை நோயாளி ஆக்கிவிடுவார். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள்தான் நினைவுக்கு வரும். விடியற்காலையிலேயே போன் வரத் தொடங்கிவிடும். சர்க்கரைப் பொங்கல், வாழைப்பழம், வெல்லம், பச்சரிசி என்று ஒரு நாள் முழுக்க ஊட்டியிருப்பார்கள். மாட்டின் வயிறு வைக்கோலுக்கும் புல்லுக்கும் பழகியது, அவ்வளவு மாவுச்சத்தும் இனிப்பும் ஒரே நேரத்தில் போனால் உள்ளே புளித்து அமிலம் ஏறிவிடும். நெல்லிக்குப்பம் பக்கத்தில் ஒரு வீடு, கொம்பில் பெயிண்டு காயவில்லை, கழுத்தில் மாலை இன்னும் இருக்கிறது, நெற்றியில் மஞ்சளும் குங்குமமும். கண் குழி விழுந்து, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு மாடு கிடக்கிறது. அந்த அம்மா மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு "நானே என் கையால குடுத்தேன் சார், நானே குடுத்தேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். சமையல் சோடாவைக் கரைத்துக் கொடுத்து, குளுக்கோஸ் பாட்டில் ஏற்றி, ராத்திரி எட்டு மணி வரை அங்கேயேதான் இருந்தேன். பிழைத்தது. எல்லா மாடும் பிழைப்பதில்லை. தயவுசெய்து எல்லோரும் வருகிற பொங்கலுக்கு ஒரு கைப்பிடி கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள், சாமிக்கு அது போதும். பண்ருட்டிப் பக்கம் பலாப் பழச் சீசனிலும் இதே பாடுதான், வாசலில் கொட்டிய பழத்தையும் சக்கையையும் அவிழ்ந்த மாடு வயிறு முட்டத் தின்றுவிடும்.

நாங்கள் யாராவது எழுதியிருக்கிறோமா என்று கேட்டீர்கள். எங்கள் பதிவேட்டில் தேதி எழுதுவோம், உரிமையாளர் பெயர், என்ன நோய், என்ன மருந்து என்று எழுதுவோம். மாட்டின் பெயரை எழுத அதில் கட்டம் இல்லை. வீட்டுக்கு வந்தால் உடம்பு நாற்றம் போகக் குளித்துப் படுக்கத்தான் தெம்பு இருக்கும். தானே புயல் 2011 டிசம்பர் 30ஆம் தேதி காலையில் கரையைக் கடந்தபோது நான் வேலையில் இருந்தேன். ரோடெல்லாம் முந்திரியும் பலாவும் விழுந்து கிடக்க, மருந்துப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே ஊர் ஊராகப் போனோம். ஆஸ்பெஸ்டாஸ் ஓடு விழுந்து முதுகு பிளந்த ஒரு கிடேரியை (இன்னும் கன்று போடாத இளம் பசு) ஒரு பள்ளிக்கூடப் பையன் பிடித்த டார்ச் வெளிச்சத்தில் தைத்தேன். அந்தப் பையன் கை நடுங்கவே இல்லை. இதையெல்லாம் இன்றைக்குத்தான் முதல் முறையாக எழுதுகிறேன்.

வில்லியனூர்_கறவை:

எல்லாம் படித்தேன், மனசுக்கு நிறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு குறை இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

ஆறு மாடு வைத்திருக்கிறேன், காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறேன். இந்த மாதிரிக் கதைகளில் டாக்டர் வந்து இறங்கிய பிறகுதான் கதை ஆரம்பிக்கிறது. அதற்கு முன்னால் யார் விழித்திருந்தது? மாடு மாலையிலேயே தவிடு கலந்த தண்ணீரை மோந்துவிட்டு விட்டுவிட்டது என்று கவனித்தது யார்? எங்கள் பக்கம் கொட்டகை வேலை பெரும்பாலும் பெண்கள் கையில், சாணி அள்ளுவது, புல் அறுப்பது, கறப்பது, கன்று போடும் ராத்திரியில் சாக்கை விரித்து மாட்டுப் பக்கத்திலேயே படுத்துக்கொள்வது. ஏரிக்கரைத் தம்பி, இவ்வளவு எழுதினீர்களே, உங்கள் பதிவில் அம்மா எங்கே? எல்லாம் அப்பாவின் மாடு மாதிரியே எழுதியிருக்கிறீர்கள். அதைக் கறந்தது யார்?

இன்னொன்று. எல்லா ராத்திரியும் டாக்டர் வருவதில்லை. நாலு வருடத்துக்கு முன்னால் என்னுடைய நல்ல மாடு ஒன்று கன்று போட முடியாமல் தவித்தது. ராத்திரி பத்து மணியிலிருந்து போன் அடித்தேன், எடுக்கவில்லை. வேறு ஒருவருக்கு அடித்தேன், காலையில் பார்க்கலாம் என்றார். காலையில் பார்க்க மாடும் இல்லை, கன்றும் இல்லை. இருபத்தைந்து லிட்டர் கறந்த மாடு. அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னால் அந்தக் கொட்டகை மூலையைக் கூட்ட முடியவில்லை, என் மகன்தான் கூட்டினான். வந்த டாக்டர்களைப் பற்றி எழுதுங்கள், கட்டாயம் எழுத வேண்டியதுதான், அவர்களைத் தெய்வமாகத்தான் நினைக்கிறோம். வராத ராத்திரிகளையும் எழுதுங்கள்.

அந்தக் கிழட்டுப் பசு கதையைப் பற்றியும் ஒன்று. திரும்பி வந்த மாட்டை அந்த மனிதர் வைத்துக்கொண்டார், சந்தோஷம். இங்கே வற்றிப் போன மாட்டுக்கு ஒரு நாள் தீவனம் என்ன விலை என்று எனக்குத் தெரியும். புரோக்கர் வாசலில் வந்து நிற்கும்போது நான் வீட்டுக்குள் போய்விடுவேன். விற்பவர்களைக் கல் நெஞ்சுக்காரர்கள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

ஓய்வு_மாட்டுடாக்டர்:

அம்மா, நீங்கள் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. போகாத ராத்திரிகள் எனக்கும் இருக்கின்றன. ஒரே ஆள், நாற்பது ஊர், ஒரு வண்டி என்று காரணம் சொல்ல முடியும், ஆனால் மாடு செத்த வீட்டில் அது காரணமே இல்லை. நான் உள்ளே நுழையும் முன்னாலேயே "நேத்து அந்தி கறவையில ஒரு காம்பு சூடா இருந்துச்சு சார்" என்று சொல்லும் பெண்களால்தான் பாதி மடிநோய் முற்றாமல் தப்பித்தது. நான் எழுதினால் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

ஏரிக்கரை_பாகூர்:

வில்லியனூர் அக்கா, உங்கள் கேள்வியைப் படித்ததும் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. உண்மைதான், நான் கதை சொல்லும்போது அம்மா அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டு அங்கிருந்தே கேட்டுக்கொண்டிருப்பார், உள்ளே வந்து உட்காருங்கள் என்று நான் கூப்பிட்டதே இல்லை.

நேற்று ராத்திரி கூப்பிட்டேன். டாக்டர் ஐயா எழுதிய மாட்டுப் பொங்கல் விஷயத்தையும் உங்கள் பதிவையும் இரண்டு பேருக்கும் வாசித்துக் காட்டினேன். பால் காய்ச்சல் விஷயத்தில் தான் சொன்னதுதான் சரி என்று தெரிந்ததும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். அப்புறம் அந்தக் கயிற்றைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன்.

"அது பேரு முத்து" என்றார் அம்மா. அப்பா இத்தனை நாளும் 'அந்தச் செவலை' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். புரோக்கர் கிருமாம்பாக்கத்தில் ஒரு வீட்டுக்குக் கொடுத்திருக்கிறார். விற்ற மூன்றாம் நாள், கல்யாணத்துக்குப் பூ சொல்லப் போகிறேன் என்று கிளம்பிய அம்மா கிருமாம்பாக்கம் வரைக்கும் நடந்து போயிருக்கிறார். அந்த வீட்டு அம்மா ஒன்றும் கேட்காமல் கொட்டகையைக் காட்டியிருக்கிறார். முத்து இரண்டு நாளாகத் தீனி எடுக்கவில்லையாம், இவர் கையால் ஒரு கட்டு அகத்திக்கீரை கொடுத்ததும் தின்றதாம். "தின்னுடுச்சுன்னு தெரிஞ்சப்புறம்தான் திரும்பி வந்தேன். அது கத்திக்கிட்டே இருந்துது, நான் திரும்பிப் பாக்கல."

இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது, அப்பாவுக்கு இது தெரியாது. அவர் ஒரு கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு அண்ணாந்து படுத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அகத்திக்கீர எங்க வாங்குன?" என்று கேட்டார்.

மணி பதினொன்று ஆகியும் இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தார்கள், புத்தகத்தை நான் திறக்கவே இல்லை. செல்போனில் கொஞ்சம் பதிவு செய்திருக்கிறேன். இன்றைக்கு ராத்திரிக்கு ஒரு நோட்டும் வாங்கி வைத்திருக்கிறேன். டாக்டர் ஐயா, அந்த டார்ச் பிடித்த பையன் கதையை முழுக்க எழுதுங்கள், அப்பா காத்திருக்கிறார். அம்மா ஒன்று கேட்கச் சொன்னார்: அந்தக் கிடேரி பிறகு சினை பிடித்ததா?